ஆன்லைன் வகுப்பில் ஸ்க்ரம் ஆட்டம்: எங்கே மாட்டும், எப்படி எடுத்துவிடுவது

அஜைலை (மென்பொருளைச் சின்னச் சின்னச் சுற்றாகச் செய்து, காட்டி, திருத்திக்கொள்கிற முறை; ஸ்க்ரம் அதில் ஒரு வகை) ஸ்லைடு போட்டு நடத்தினால் பிள்ளைகள் பரீட்சையில் அழகாக எழுதிவிடுவார்கள். அஜைல் அறிக்கை எழுதப்பட்ட 2001, யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டு, எழுதிய 17 பேர், 4 மதிப்புகள், 12 கொள்கைகள் என்று எல்லாம் வரிசையாக வந்துவிழும். அப்புறம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரும்போது வழக்கம்போல நாலு பேர் டீமில் ஒருத்தன் மட்டும் கடைசி வாரம் தூங்காமல் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் நம்மில் பலர் விளையாடவிட்டுக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறோம். ஆனால் வகுப்பறையில் மேசையைச் சுற்றி நின்று ஆடுகிற ஆட்டத்தை அப்படியே ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் ஏதாவது ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ளும், மாட்டியதும் நமக்கு வருகிற முதல் எண்ணம் 'இந்த பேட்ச் சரியில்லை'. பேட்ச் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், ஆட்டத்தை அமைத்த விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன்னால் எந்த ஆட்டத்தை வைத்துப் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து பேர் ஒரு டீம். டீமுக்கு ஒரு கூகுள் ஸ்லைட்ஸ் ஃபைல். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, கூடவே முட்டி வலியுள்ள பாட்டியும் இரண்டு வாண்டுகளும், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் சுற்ற வேண்டும், அவர்களுக்குப் பயணக் கையேடு தயாரிக்க வேண்டும். நாம்தான் ப்ராடக்ட் ஓனர், அதாவது என்ன வேண்டும் என்று முடிவு செய்கிறவர். ஃபைலின் முதல் பக்கம் போர்டு: செய்யணும், செய்யுறோம், முடிஞ்சுது என்று மூன்று பத்தி, ஒவ்வொரு வேலையும் அதில் ஒரு கார்டு. ஒரு சுற்று, ஸ்க்ரம் மொழியில் ஸ்பிரிண்ட், 18 நிமிடம். திட்டம் 3, வேலை 8, நடுவில் ஸ்டாண்டப் (டீமுக்குள் நிலவரம் பேசுவது) 1, காட்டுவது (ரிவ்யூ) 2, ரெட்ரோ (சுற்று எப்படிப் போனது என்று திரும்பிப் பார்ப்பது) 4. மூன்று சுற்று ஆடினால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இலவச ஸூம் என்றால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், இரண்டு சுற்று முடித்து மறுபடி சேர்ந்து மூன்றாவதை ஆடுங்கள். கோடிங் வேலையைக் கொடுக்காமல் இதைக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கோடிங் கொடுத்தால் 'எனக்கு ஜாவா வராது சார்' என்று பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். திற்பரப்பு அருவி நல்லதா முட்டம் கடற்கரை நல்லதா என்று கேட்டால் ஒதுங்குகிற ஆள் நம் மாவட்டத்தில் இல்லை.

ப்ரேக்அவுட் ரூமுக்குள் போனதும் எல்லாரும் மௌனம்

நீங்கள் எட்டிப் பார்க்கும்போது ஐந்து பேரும் மியூட்டில் இருக்கிறார்கள், 'என்னப்பா நடக்குது' என்றால் 'டிஸ்கஸ் பண்ணிட்டு இருக்கோம் சார்' என்று ஒரு குரல் மட்டும் வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது, என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் கண்முன் இருக்கிறதா என்பதைத்தான். நீங்கள் மெயின் ரூமில் ஸ்கிரீன் ஷேர் செய்து காட்டிய விதிமுறை, ப்ரேக்அவுட் ரூமுக்குப் போன நொடியே அவர்களுக்கு இல்லை. பாதிப் பேருக்கு மறந்திருக்கும், மீதிப் பேருக்குக் கேட்கக் கூச்சம். விதிமுறையை டீம் ஃபைலின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அடுத்தது, முதல் வேலை பேச்சாக இருக்கக் கூடாது. யார் முதலில் பேசுவது என்ற தயக்கத்திலேயே மூன்று நிமிடம் போய்விடும். உள்ளே போனதும் ஒவ்வொருவரும் பேசாமல், ஒரு நிமிடத்துக்குள், பாட்டியால் போக முடிகிற ஓர் இடத்தின் பெயரைக் கார்டில் எழுத வேண்டும் என்று வையுங்கள். ஐந்து கார்டு வந்துவிட்டால் அதில் குறைந்தது இரண்டு தப்பாக இருக்கும், 'லே, சிதறால் மலையில பாட்டி எப்படி ஏறும்' என்று ஒருத்தன் வாயைத் திறப்பான். அதற்கப்புறம் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

டீமில் எட்டு ஒன்பது பேர் இருந்தால் இது எதுவும் எடுபடாது. ஸ்க்ரமின் விதிநூலான ஸ்க்ரம் கைடு பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவு என்கிறது, அது அலுவலகத்துக்குச் சரி. திரையில் முகம் தெரியாத பிள்ளைகளுக்கு ஐந்தே அதிகம்.

பழைய குறிப்புகளைப் பார்த்து ஜாம்போர்டில் (ஆன்லைன் வெள்ளைப்பலகை) நடத்தலாம் என்று தேடுகிறவர்களுக்கு: கூகுள் அதை 2024 கடைசியில் மூடிவிட்டது. ஸ்லைட்ஸ் போதும்.

ஒருத்தரே எல்லாவற்றையும் செய்கிறார்

இது குணக் கோளாறு மாதிரி தெரியும். பெரும்பாலும் கருவிக் கோளாறு. குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து சேருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் லேப்டாப் இருக்கிறது, எத்தனை பேர் போனில் இருக்கிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். போனில் ஸ்லைட்ஸைத் திருத்துவது என்பது விரலால் ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. அதைச் செய்யச் சொன்னால் 'மக்கா நீயே போட்டுரு' என்று லேப்டாப் வைத்திருக்கிறவனிடம் தள்ளிவிடுவார்கள், அவனும் பெருமையாகப் போட்டுவிடுவான்.

டீம் பிரிக்கும்போதே ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு லேப்டாப் இருக்கிற மாதிரிப் பிரியுங்கள். அப்புறம் ஒரு விதி: லேப்டாப்காரர் மற்றவர் சொல்வதைத்தான் அடிக்க வேண்டும், தானாக யோசித்து அடிக்கக் கூடாது. இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. கார்டைச் செய்தவரே அதை 'முடிஞ்சுது' பத்திக்கு நகர்த்தக் கூடாது, வேறொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நகரும். போனில் திருத்துவதுதான் கஷ்டம், படித்துத் தப்புக் கண்டுபிடிப்பது சுலபம், ஆகவே போன்காரர்கள் தானாகவே சரிபார்ப்பவர்களாகிவிடுவார்கள். டைம் கீப்பர், நோட் எடுப்பவர் என்று அலங்காரப் பொறுப்பு கொடுப்பது வேண்டாம். அந்தப் பொறுப்பு கிடைத்தவர் அதோடு தூங்கிவிடுவார்.

யார் தொட்டார்கள் யார் தொடவில்லை என்று வெர்ஷன் ஹிஸ்டரியில் பார்க்கலாம், ஆனால் எல்லாரும் தங்கள் கணக்கில் உள்ளே வந்திருக்க வேண்டும். லிங்க் இருந்தால் யாரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால் பெயருக்குப் பதிலாக அடையாளம் தெரியாதவர் என்றுதான் நிற்கும்.

ஸ்டாண்டப் அட்டெண்டன்ஸ் மாதிரி ஆகிவிட்டது

'சார், நான் மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம் பண்ணிட்டேன் சார்', 'சார், நான் படம் தேடிட்டு இருக்கேன் சார்'. எல்லா வாக்கியமும் சாரில் ஆரம்பித்துச் சாரில் முடிகிறது என்றால் அவர்கள் உங்களுக்குத்தான் கணக்குச் சொல்கிறார்கள், பக்கத்தில் இருப்பவருக்கு இல்லை. நீங்கள் வெளியே போய்விடுங்கள். கேமராவை அணைப்பது போதாது, ரூமை விட்டே போய்விட வேண்டும். ஸ்டாண்டப்புக்கு ஸ்க்ரம் வைத்த பெயர் டெய்லி ஸ்க்ரம், அது வேலை செய்கிறவர்களுக்கான 15 நிமிடம், மேலதிகாரிக்கு அறிக்கை வாசிக்கிற நேரம் இல்லை. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகளைக்கூட 2020 பதிப்பில் ஸ்க்ரம் கைடிலிருந்து எடுத்துவிட்டார்கள், நம் பாடப்புத்தகங்களில் மட்டும் அது இன்னும் மனப்பாடப் பகுதி.

ஒரு நிமிட ஸ்டாண்டப்புக்கு ஒரே கேள்வி போதும்: முடியப்போகிற கார்டு எது, அதை முடிய விடாமல் எது தடுக்கிறது? போர்டின் வலது பக்கத்திலிருந்து பேச ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆள் வரிசையாகப் பேசுவதை விட்டுக் கார்டு வரிசையாகப் பேசினாலே பாதிக் கோளாறு போய்விடும்.

எஸ்டிமேட் கேட்டால் எல்லாரும் ஒரே எண்

ஒரு கார்டு எவ்வளவு பெரிய வேலை என்று எண்ணால் மதிப்பிடச் சொன்னால், முதல் ஆள் 5 என்றதும் எல்லாரும் 5. ஜேம்ஸ் கிரென்னிங் 2002இல் பிளானிங் போக்கர் என்ற சீட்டு முறையை எழுதிவைத்ததே, ஒருத்தர் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் சாய்ந்துவிடாமல் இருப்பதற்கும், பேசியே நேரத்தைத் தின்னாமல் இருப்பதற்கும்தான். சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப ஆன்லைனில் வழியில்லை என்று நினைக்க வேண்டாம், சாட் பெட்டி இருக்கிறது. 1, 2, 3, 5, 8, 13 இதில் ஓர் எண்ணை அடித்து வைத்துக்கொள்ளுங்கள், அனுப்ப வேண்டாம், 'போடு' என்றதும் எல்லாரும் ஒன்றாக அனுப்புங்கள். நெட் மெதுவாக இருப்பவரின் எண் கொஞ்சம் தாமதமாக வரும், வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் மிகப் பெரிய எண் போட்டவரும் மிகச் சின்ன எண் போட்டவரும் மட்டும் காரணம் சொல்ல வேண்டும்.

இங்கேதான் உள்ளூர் அறிவு வெளியே வரும். விவேகானந்தர் பாறைக்கு ஒருத்தர் 2 போட்டிருப்பார், 'கண்ணாடிப் பாலம்தான் இருக்கே, நடந்து போயிரலாம்' என்று. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த அந்த 77 மீட்டர் பாலம் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் இருக்கிறது, கரையிலிருந்து பாறைக்கு இல்லை, படகு ஏறித்தான் ஆக வேண்டும் என்று 8 போட்டவர் சொல்வார். எண் 8 ஆகிறதா 5 ஆகிறதா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த விவரம் வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே வெளிப்பட்டுவிட்டது பாருங்கள், எஸ்டிமேட்டால் கிடைக்கிற லாபம் அதுதான், இதைப் பிள்ளைகளிடம் அந்த இடத்திலேயே சுட்டிக்காட்டிவிடுங்கள்.

எல்லாம் தொண்ணூறு சதவீதம், முடிந்தது ஒன்றுமில்லை

எட்டு நிமிடம் முடிந்து காட்டச் சொன்னால் ஆறு பக்கம் திறந்து கிடக்கிறது, ஒன்றில் தலைப்பு இல்லை, ஒன்றில் நேரம் இல்லை, ஒன்றில் படம் மட்டும் பெரிதாக இருக்கிறது. 'இன்னும் ரெண்டு நிமிஷம் சார்.' கொடுக்காதீர்கள்.

காரணம் இரண்டு. முடிந்தது என்றால் என்ன என்று யாரும் பேசி வைக்கவில்லை. எல்லாக் கார்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். முதலாவதற்கு, ஆட்டம் தொடங்கும் முன் நான்கு வரியில் எழுதிவிடுங்கள்: இடத்தின் பெயர், போய்ச்சேரும் நேரம், பாட்டியால் முடியுமா என்ற குறிப்பு, அன்று திறந்திருக்கிறதா என்ற விவரம். இந்தக் கடைசி வரி ஒரு பொறி. பயண நாளைத் திங்கட்கிழமை என்று வைத்துவிடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் நிர்வகிக்கிறது, திங்கட்கிழமை அது விடுமுறை. அதற்குப் பக்கத்துத் தக்கலைக்காரப் பிள்ளைகள் இருக்கிற டீம்கூட அதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வண்ணமாகப் போட்டிருக்கும். ரிவ்யூவில் அந்தப் பக்கத்தை ஒரு வார்த்தை பேசாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், முடிந்ததற்கு வரையறை எதற்கு என்று அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்காது.

இரண்டாவதற்கு, 'செய்யுறோம்' பத்தியில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுங்கள். ஏன் என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அப்போது நாணய ஆட்டத்தை எடுங்கள். நேரில் காசைத் திருப்பிப் போடுவோம், ஆன்லைனில் கூகுள் ஷீட்ஸில் 20 வரிசையும் நாலு பத்தியும் டிக் பெட்டி போட்டால் முடிந்தது. ஆளுக்கு ஒரு பத்தி, ஐந்தாவது ஆள் ஸ்டாப்வாட்ச். டிக் போடுவது போனிலும் சுலபம். முதல் முறை ஒருத்தர் 20ஐயும் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்கலாம்; அப்புறம் ஐந்து ஐந்தாக; அப்புறம் ஒவ்வொன்றாக. ஒரு டிக்குக்கு ஒரு நொடி என்று வைத்தால் முதல் முறையில் 80 நொடி வரை வாடிக்கையாளர் கையில் ஒன்றுமே வராது, வரும்போது எல்லாம் மொத்தமாக வரும். ஐந்து ஐந்தாக விட்டால் 20ஆவது நொடியில் முதல் ஐந்து வந்துவிடும், 35இல் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொன்றாக விட்டால் 4ஆவது நொடியில் முதல் காசு, 23இல் கடைசிக் காசு. உண்மையில் ஆடும்போது நெட் தாமதம், கைமாற்றும் தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து எண் கூடும், ஆனாலும் சரிவு கண்ணுக்குத் தெரியும். யாரும் வேகமாக டிக் போடவில்லை, ஆனால் வேலை சீக்கிரம் முடிந்தது, ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள், பதில் வர ஒரு நிமிடம் ஆனாலும் சரி.

நடுவில் மாற்றம் கொடுத்தால் கோபம், அல்லது தலையாட்டல்

இரண்டாம் சுற்று வேலை நேரத்தில், நான்காவது நிமிடம், எல்லா டீமுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்: கடல் சீற்றம், பாறைக்குப் படகு இன்றைக்கு இல்லை. நம் ஊரில் இது நடக்கிற விஷயம். கடல் கொந்தளித்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகை நிறுத்திவிடும், டிக்கெட் வரிசையில் நின்று திரும்பி வந்த அனுபவம் வகுப்பில் யாருக்காவது இருக்கும், அதனால் 'இதெல்லாம் ஓவர் சார்' என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது டீம்கள் இரண்டு விதமாகத் தடுமாறும். சில டீம் 'ஸ்பிரிண்டுக்குள்ள மாத்தக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க' என்று சண்டைக்கு வரும். சில டீம் வாயைத் திறக்காமல் எல்லாப் பக்கத்தையும் கலைத்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அந்த டீமுக்கு ஸ்பிரிண்ட் கோல், அதாவது சுற்றுக்கான இலக்கு, இல்லை, வெறும் கார்டுப் பட்டியல்தான் இருக்கிறது. ஸ்க்ரம் கைடு சொல்வது, ஸ்பிரிண்ட் கோலுக்கு ஆபத்து வருகிற மாதிரி மாற்றம் கூடாது என்பதுதான். எந்த மாற்றமும் கூடாது என்று அது சொல்லவில்லை. விவரம் தெரியத் தெரிய ப்ராடக்ட் ஓனரோடு பேசி வேலையின் அளவைத் திருத்திக்கொள்ளலாம்.

ஆகவே சரிசெய்ய வேண்டிய இடம் திட்டமிடும் மூன்று நிமிடம். கோலை ஒரே வாக்கியத்தில் எழுதாமல் கார்டு எடுக்க விடாதீர்கள். 'பாட்டிக்குச் சிரமமில்லாமல் காலையில் கடல் பார்க்க வேண்டும்' என்று எழுதிய டீமுக்குப் படகு நின்றால் ஒன்றும் ஆகாது, சூரிய உதயத்தைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு ஒரு கார்டை மட்டும் மாற்றும். 'பாறைக்குப் போய்வர வேண்டும்' என்று எழுதிய டீமுக்குக் கோலே செத்துப்போயிற்று. அந்த நேரத்தில் ஸ்பிரிண்டை ரத்து செய்யலாம், ஆனால் அந்த அதிகாரம் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும்தான், அதாவது உங்களிடம் வந்து கேட்க வேண்டும். யாராவது வந்து கேட்டால் உடனே சம்மதிக்காமல் 'மீதி நேரத்தில் எனக்கு என்ன கிடைக்கும்' என்று பேரம் பேசுங்கள். என்னைக் கேட்டால் மொத்த ஆட்டத்திலும் இந்தப் பேரம்தான் உயிர், மற்றதெல்லாம் கொஞ்சம் சொதப்பினாலும் பரவாயில்லை.

மூன்றாம் சுற்றுக்கு முன், ஸ்பிரிண்டுக்கு வெளியே, இன்னொரு மாற்றம் கொடுங்கள்: பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், திற்பரப்பில் குளிக்கத் தடை. இதை பேக்லாகில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்) வரிசை மாற்றி அமைதியாக எடுத்துக்கொள்வார்கள். அதே மாதிரி மாற்றம்தான், ஏன் இப்போது சண்டை வரவில்லை என்று ரெட்ரோவில் கேட்கலாம்.

ரெட்ரோவில் 'எல்லாம் நல்லாருந்துச்சு சார்'

மார்க் போடுகிறவர் முன்னால் 'நான் தூங்கிட்டேன்' என்று யார் சொல்வார்? கையேட்டின் அழகுக்கு மார்க் கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள், அறிவித்தபடி நடந்தும் காட்டுங்கள். பெயர் கேட்காத கூகுள் ஃபார்மில் ஒரே கேள்வி: இந்தச் சுற்றில் எந்த நிமிடம் வீணாய்ப் போனது? 'என்ன மேம்படுத்தலாம்' என்று கேட்டால் 'கம்யூனிகேஷன்' என்ற ஒற்றை வார்த்தைதான் வரும், எந்த நிமிடம் என்று கேட்டால் 'படம் தேடுனதுல மூணு நிமிஷம் போச்சு' என்று வரும்.

பேசுவதற்கு முன் எண்ணைத் திரையில் வையுங்கள், எடுத்த கார்டு எத்தனை, முடிந்தது எத்தனை. அப்புறம் அடுத்த சுற்றுக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும். பத்து யோசனை எழுதிய டீம் ஒன்றையும் செய்யாது. முக்கியமாக, ரெட்ரோவோடு வகுப்பை முடிக்காதீர்கள். நேரம் பற்றாக்குறை என்றால் சுற்றைச் சின்னதாக்குங்கள், அடுத்த சுற்று இல்லாத ரெட்ரோவுக்கு அர்த்தமே இல்லை (மூன்றாம் சுற்றுக்கு அடுத்தது ப்ராஜெக்ட் போர்டு, கடைசித் தலைப்பைப் பாருங்கள்).

நெட் போச்சு, கரண்ட் போச்சு

நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ரப்பர் தோட்டப் பக்கம் மரக்கிளை கம்பியில் விழுந்தால் அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான். தடுக்க முடியாது, ஆனால் ஆட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். விழுந்து திரும்பி வருகிறவர் பெரும்பாலும் மெயின் ரூமில்தான் வந்து நிற்பார், அங்கே யாரும் இல்லையென்றால் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஆகவே நீங்கள் ரூம் ரூமாகச் சுற்றும்போது மெயின் ரூமில் ஒரு கோ-ஹோஸ்ட் இருக்கட்டும், உங்கள் வீட்டிலேயே கரண்ட் போனாலும் அவர் நடத்துவார்.

டீமுக்குள், கார்டில் பாதி வேலை எங்கே நிற்கிறது என்று ஒரு வரி எழுதாமல் வேலை செய்யக் கூடாது என்று விதி வையுங்கள். ஆள் விழுந்தால் இன்னொருவர் அந்த வரியைப் படித்துத் தொடரலாம். சிலர் வேண்டுமென்றே ஓர் ஆளை வெளியே எடுத்து டீமைச் சோதிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மழை தானாகவே அந்த வேலையைச் செய்கிறது, வெளியே போன பிள்ளைக்கு மனசும் கஷ்டம்.

ஆட்டம் சூப்பர், ப்ராஜெக்டில் பழைய கதை

ஆட்டத்தில் புதன்கிழமை சிரித்துப் பேசிய அதே டீம் ப்ராஜெக்டில் கடைசி வாரத்துக்கு எல்லாவற்றையும் தள்ளுகிறது. ஆட்டத்துக்கும் ப்ராஜெக்டுக்கும் நடுவில் நாள் விழுந்தால் இப்படித்தான். மூன்றாம் சுற்று முடிந்த அதே வகுப்பில், அதே ஃபைலின் போர்டு பக்கத்தை நகல் எடுத்து ப்ராஜெக்ட் கார்டுகளை எழுதவிடுங்கள், முடிந்ததற்கு வரையறை, இரண்டு கார்டு விதி, வேறொருவர் நகர்த்த வேண்டும் என்ற விதி எல்லாம் அப்படியே இருக்கட்டும். கைடிங் மீட்டிங்கில் ரிப்போர்ட் கேட்காமல் அந்த போர்டைத் திறக்கச் சொல்லுங்கள். 'செய்யுறோம்' பத்தியில் இரண்டுக்கு மேல் கார்டு நின்றால் தொண்ணூறு சதவீதத் தலைப்புக்குப் போங்கள், எல்லாக் கார்டையும் ஒரே பெயர் தொட்டிருந்தால் லேப்டாப் விதிக்குப் போங்கள்.